மாற்றுச் சிறுநீரகத்தோடு முதல் மூன்று மாதம்: சென்னையிலேயே தங்குவதா, ஊருக்குத் திரும்புவதா?

டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "எங்கே தங்கப் போறீங்க?" என்று கேட்டார். "ஊர்லதான் சார், காரைக்குடி" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பக்கத்தில் சின்னச் சின்னக் கோடுகளாகப் போட ஆரம்பித்தார். முதல் மாதம், இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம் என்று மூன்று வரிசை. ஒவ்வொரு கோடும் ஒரு ரத்தப் பரிசோதனை. போட்டு முடித்ததும் என்னிடம் நீட்டினார். "எண்ணிப் பாருங்க."

16 கோடு இருந்தது.

எனக்குச் சிறுநீரகம் கொடுத்தவள் என் மனைவி. அவள் ஐந்தாம் நாளே டிஸ்சார்ஜ் ஆகி, எதிர்த் தெரு லாட்ஜில் என் அம்மாவோடு இருந்தாள். மகள் காரைக்குடியில் என் தங்கை வீட்டில், எட்டாம் வகுப்பு. மூன்று வருட டயாலிசிஸில் கையிருப்பு கரைந்திருந்தது. எப்போதடா வீட்டுக்குப் போவோம் என்றிருந்த எங்களுக்கு, அந்த 16 கோடு ஒரு புதுக் கணக்கைப் போட வைத்தது.

எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மூன்று மாதம் வாடகைக்கு இருப்பது. ஊருக்குப் போய்விட்டு ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் ரயிலேறி வருவது. இல்லையென்றால் கேஸையே மதுரைக்கு மாற்றிக்கொண்டு, 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு சிறுநீரக மருத்துவரிடம் பார்த்துக்கொள்வது. மூன்றையும் ஏதோ ஒரு கட்டத்தில் நான் செய்துபார்த்துவிட்டேன். இது இப்போது அதே இடத்தில் நிற்பவர்களுக்காக எழுதுவது. மருந்து அளவு, பரிசோதனைத் தேதி எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். எங்கே இருந்துகொண்டு அதைச் செய்வது என்பதை மட்டும் பேசுகிறேன்.

அந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன

அவர் மனம்போன போக்கில் போட்டதில்லை. உலகம் முழுக்கச் சிறுநீரக மருத்துவர்கள் எடுத்துப் பார்க்கும் கே.டி.ஐ.ஜி.ஓ. வழிகாட்டுதல் 2009-ல் வந்தது. அதன்படி, சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் என்கிற கழிவைப் பார்க்க வேண்டிய வரிசை இது: முதல் வாரம் தினமும், இரண்டாவது வாரத்திலிருந்து நாலாவது வாரம் வரை வாரத்துக்கு 2 அல்லது 3 தடவை, அடுத்த இரண்டு மாதம் வாரம் ஒரு தடவை, 4 முதல் 6 மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒன்று, அதன்பின் வருடம் முடியும் வரை மாதம் ஒன்று, பிறகு 2, 3 மாதத்துக்கு ஒன்று. முதல் வாரம் ஆஸ்பத்திரியிலேயே போய்விடும். மிச்சத்தைக் கூட்டினால் முதல் மூன்று மாதத்தில் 14 முதல் 18. மையத்துக்கு மையம் கொஞ்சம் மாறும், ஆனால் ஆரம்பத்தில் நெருக்கமாகவும் போகப்போக இடைவெளி விட்டும் என்கிற வடிவம் மாறாது.

ஏன் இவ்வளவு நெருக்கம்? உடம்பு புதுச் சிறுநீரகத்தை ஏற்க மறுக்க ஆரம்பித்தால், பெரும்பாலும் வலிக்காது. காய்ச்சல்கூட இல்லாமல் இருக்கலாம். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருப்போம். ரத்தத்தில் கிரியாட்டினின் மட்டும் 1.2-லிருந்து 1.6 ஆகியிருக்கும். அந்த ஆபத்து அதிகம் இருப்பது முதல் சில மாதங்களில்தான்.

அடுத்தது டேக்ரோலிமஸ், உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தாக்காதபடி எதிர்ப்பாற்றலை அடக்கி வைக்கும் மாத்திரை. ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் 'டேக்ரோ' என்றுதான் சொல்வார்கள். அளவு குறைந்தால் உடம்பு சிறுநீரகத்தைத் தாக்கும். கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். கை நடுங்கும், சர்க்கரை ஏறும். நடுவில் இருக்கும் இடம் குறுகலானது. ஆரம்ப மாதங்களில் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 8 முதல் 12 நானோகிராம் வரை வைத்திருப்பது பல மையங்களில் வழக்கம், பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரே வெற்றிகரமாகச் செய்த முதல் சிறுநீரக மாற்றில் இந்தத் தொல்லையே கிடையாது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கரு இரட்டையர், மருந்தே தேவைப்படவில்லை. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் மனைவிக்கும் எனக்கும் ரத்த குரூப் ஒன்று, அவ்வளவுதான்.

'டேக்ரோ லெவல்' பார்க்க ரத்தம் எடுக்கும் நேரம் ரொம்ப முக்கியம். இரவு 9 மணிக்கு மாத்திரை போட்டால் மறுநாள் காலை 9 மணிக்கு, அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்னால் எடுக்க வேண்டும். மாத்திரைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு லேப் வரிசையில் நிற்போம். ஊசி குத்தி முடித்ததும் அங்கேயே தண்ணீர் பாட்டிலைத் திறந்து மாத்திரை. மாலைக்குள் ரிசல்ட் வந்துவிடும். ஆறு மணி வாக்கில் ஆஸ்பத்திரியின் கோ-ஆர்டினேட்டர் போன் செய்வார்: "நைட் டோஸ்ல அரை மில்லிகிராம் குறைச்சுக்கோங்க." அன்று இரவே குறைத்தாகிவிட்டது.

ஊர் பெரிதா, வீடு வசதியா என்பதெல்லாம் அப்புறம். ரத்தம் எடுத்த நேரத்துக்கும் மாத்திரை அளவு மாறும் நேரத்துக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? மூன்று வழிகளையும் நான் இதை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

வழி ஒன்று: பக்கத்திலேயே வாடகைக்கு

மூன்றில் இதுதான் பாதுகாப்பு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 'பக்கத்தில் தங்குவது' என்பதிலேயே மூன்று ரகம் இருக்கிறது, எல்லாம் ஒன்றில்லை.

முதலில் எல்லோர் மனதிலும் வருவது சொந்தக்காரர் வீடு. எனக்கு வேளச்சேரியில் பெரியப்பா மகன் இருக்கிறார், தங்கமான மனிதர். நான் வேண்டாம் என்றேன். காரணம் அவரல்ல, அவர் வீட்டுக்கு வரப்போகிறவர்கள். ஆபரேஷன் ஆனவரைப் பார்க்க ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வருகிறவரை வாசலில் நிறுத்த நம் ஊரில் யாருக்கும் மனசு வராது. வருகிறவர் தும்மிக்கொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஒண்ணும் பயப்படாதீங்க" என்று தோளைத் தொடுவார். எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் நேரம் அது. அதுபோக, அந்த வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டால் நாம் எங்கே போவது? மாடியில் தனி அறை, தனிக் கழிவறை, கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை மூன்றும் இருந்தால் மட்டும் சொந்தக்காரர் வீட்டை யோசிக்கலாம்.

லாட்ஜ் ஒரு வாரத்துக்குச் சரி. சமைக்க முடியாது என்பதால் அதற்கு மேல் கூடாது. ஹோட்டல் சட்னியும் வெட்டி வைத்த பழமும் இந்த மூன்று மாதத்துக்கு நமக்கு ஆகாது.

மிச்சம் இருப்பது தனி வீடு, அல்லது பாத்திரம் பண்டத்தோடு மாதக் கணக்கில் விடும் அபார்ட்மென்ட். வீடு பார்க்கத் தம்பி அலைந்தான். முதல் வீடு நல்ல வீடு, ஆனால் எதிரில் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை; ஜன்னல் கம்பியில் விரல் வைத்தால் மாவு மாதிரி தூசி ஒட்டியது. கட்டுமானத் தூசியில் பூஞ்சை இருக்கும், அது நுரையீரலுக்குள் போவது எங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்து. இரண்டாவது வீடு மூன்றாவது மாடி, லிப்ட் உண்டு, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். வாடகையும் குறைவு. தம்பி வீடியோ காலில் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தான். படுக்கையறை ஜன்னலைத் திறந்தான். ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் புறாக் கூடு, அடியில் பல வருட எச்சம். "வலை போட்டுத் தர்றேன்னு ஓனர் சொல்றார்ணே" என்றான். வலை இனி வரும் புறாவைத் தடுக்கும், கிடக்கும் எச்சத்தை என்ன செய்யும்? புறா எச்சத்தில் வளரும் கிருமி மூளைக் காய்ச்சல் வரை கொண்டுபோகக் கூடியது என்று டிஸ்சார்ஜ் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள். வேண்டாம் என்று விட்டோம். மூன்றாவதாகக் கிடைத்தது தரைத்தளம், சின்ன வீடு, கொசு அதிகம்; வலையடித்துச் சமாளித்தோம். கேன் தண்ணீரைக்கூட அம்மா கொதிக்க வைத்துத்தான் கொடுத்தார்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். வாடகை மாதம் 24,000. ஆட்டோ, மளிகை, கேஸ், ஊரிலிருந்து தம்பி வந்துபோனது எல்லாம் சேர்த்து மூன்று மாதத்துக்குச் சுமார் 1,30,000 ரூபாய். மருந்து தனி, அது எங்கே இருந்தாலும் ஆகிற செலவு.

இந்த வழியில் நாங்கள் கொடுத்த விலை பணத்தில் அடங்காது. மகள் தினமும் ராத்திரி போனில் அன்றைய வீட்டுப்பாடத்தைச் சொல்வாள். காலாண்டு விடுமுறைக்குச் சித்தப்பாவோடு வந்தவள், கதவைத் திறந்ததும் ஓடி வராமல் வாசலில் நின்று, "மாஸ்க் போடணுமாப்பா?" என்று கேட்டாள். போடணும் என்றேன்.

வழி இரண்டு: ஊரில் இருந்து ரயிலில்

கேட்க மலிவாகத் தெரியும். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். காரைக்குடியிலிருந்து சென்னை 400 கிலோமீட்டருக்கு மேல். போக வர 800. அதை 16 தடவை என்றால் 12,800 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு ஒன்றரைத் தடவைக்கு மேல் போய்வரும் தூரம், அதுவும் வயிற்றில் தையல் ஆறாத நிலையில். தனியாக வர முடியாது, துணைக்கு ஒருவர் வேண்டும். இரண்டு பேர் டிக்கெட், ஆட்டோ, குளித்து மாற்ற ஓர் அறை, சாப்பாடு என்று ஒரு நடைக்கு 6,000 போட்டால் மொத்தம் 96,000. கார் வைத்தால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். சென்னையில் வாடகைக்கு இருப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் 34,000 ரூபாய்தான் என்று தெரிந்தபோது எனக்கே ஆச்சரியம். இந்தக் கூட்டலைப் போடாமலேயே 'வீட்டில் இருந்தால் செலவில்லை' என்று பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள்.

நேரக் கணக்கு இதைவிட மோசம். பல்லவன் விடியலில் காரைக்குடியில் கிளம்பி எழும்பூர் வர மதியம் ஆகிவிடும். 9 மணி ரத்தத்துக்கு அது உதவாது. எனவே ராத்திரி ரயில்தான். ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் மாத்திரையும் ஒரு மணி நேரம் தாமதம். மாலையில் ரிசல்ட் வரும்போது திரும்பும் வண்டியில் இருப்போம். சிக்னல் இல்லாத இடத்தில் கோ-ஆர்டினேட்டர் போன் வரும்.

யாரும் வெளியே சொல்லாத ஒன்றும் இருக்கிறது. வருடக்கணக்கில் டயாலிசிஸில் இருந்தவருக்குச் சிறுநீர்ப்பை சுருங்கிப் போயிருக்கும். புதுச் சிறுநீரகமோ அணை திறந்த மாதிரி கொட்டும். போதாததற்கு, உள்ளே டி.ஜே. ஸ்டென்ட் என்கிற சின்னக் குழாய் இருக்கும். சில வாரம் கழித்துத்தான் எடுப்பார்கள். அது இருக்கும்வரை அடிக்கடி முட்டும். முதல் மாதத்தில் எனக்கு அரை மணிக்கு ஒரு தடவை. ராத்திரி ரயிலில் அந்தக் கழிவறைக்கு அரை மணிக்கு ஒரு தடவை போவதை நினைத்துப் பாருங்கள். சிறுநீரை அளந்து எழுத ஜாடியையும் கையில் எடுத்துக்கொண்டு!

ஓ.பி.யில் ராமநாதபுரம் பக்கத்துக்காரர் ஒருவரைப் பார்ப்பேன். என்னைவிடச் சின்னவர், மீன் வியாபாரம். அவர் இந்த வழியில்தான் சமாளித்தார். முதல் ஆறு வாரம் சென்னையில் இருந்துவிட்டு, ஸ்டென்ட் எடுத்த பிறகு ஊருக்குப் போய் வாரம் ஒரு தடவை வந்தார். கேட்டதற்கு, "வீட்டுல கைக்குழந்தைண்ணே, வேற வழியில்ல" என்றார். ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறார். ஆகவே இந்த வழியே கூடாது என்று சொல்ல மாட்டேன். முதல் ஆறு வாரத்தில் கூடாது என்பேன்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்க்காரர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட முடிந்தால் வீட்டிலேயே இருங்கள்.

வழி மூன்று: மதுரைக்கு மாற்றிக்கொள்வது

1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் சிறுநீரக மாற்று தொடங்கிய காலத்தில் தென்மாவட்டக்காரருக்கு இப்படி ஒரு வழியே கிடையாது. இன்று மதுரை, கோவை, திருச்சி போன்ற ஊர்களில் மாற்று அறுவை செய்கிற மையங்களே இருக்கின்றன. அனுபவமுள்ள சிறுநீரக மருத்துவர்களும் இருக்கிறார்கள். காரைக்குடியிலிருந்து மதுரை இரண்டு மணி நேரம். காலை ஆறரைக்குக் கிளம்பினால் 9 மணி ரத்தத்துக்குத் தாராளமாகப் போய்ச் சேரலாம்.

அப்படியானால் முதல் நாளே மாற்றிவிட்டால் என்ன? நான் அதைக் கேட்டேன். அறுவை செய்த குழு கைவசம் வைத்திருக்கும் விவரம் எல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் வராது. எந்த ரத்தக்குழாயோடு எப்படி இணைத்தார்கள், அன்று என்ன சிக்கல் வந்தது, மூன்றாம் நாள் சிறுநீர் ஏன் குறைந்தது என்பதெல்லாம் அவர்கள் தலையில் இருக்கும். ஆறாவது வாரம் கிரியாட்டினின் ஏறினால், குழாய் அடைப்பா, மருந்து கூடியதா, நிராகரிப்பா என்று பிரித்துப் பார்க்க அந்த ஞாபகம் வேண்டும். சிறுநீரகத்திலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சியைப் படிக்கிற நிபுணரும் அங்கேயே இருப்பார்.

மூன்று மாதம் கழிந்தபின் கதை வேறு. இடைவெளி இரண்டு வாரமாகிறது, அளவு நிலைப்படுகிறது, உங்கள் கிரியாட்டினின் 'வழக்கமான எண்' எது என்று தெரிந்துவிடுகிறது. அப்போது மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது சம்மரி மட்டும் போதாது. கேட்டு வாங்க வேண்டியவை: அறுவையின்போது போட்ட ஆரம்ப ஊசி மருந்தின் பெயர், உங்களுக்கும் கொடுத்தவருக்கும் உள்ள திசுப் பொருத்தம், சி.எம்.வி. வைரஸ் நிலை, பி.கே. வைரஸ் பரிசோதனை எந்தத் தேதிகளில் எடுத்தது, ஸ்டென்ட் எடுத்த தேதி, இதுவரையான டேக்ரோ லெவல் எல்லாம் ஒரே தாளில்.

லேப் விஷயத்தில் நான் பட்ட அடியைச் சொல்ல வேண்டும். நாலாவது மாதம், மதுரை வரை எதற்கு என்று சோம்பல்பட்டு, ஊருக்குள்ளேயே ஒரு லேபில் டேக்ரோ லெவலுக்குக் கொடுத்தேன். அங்கே எடுத்து வெளியூருக்கு அனுப்புவார்கள். ஆள் வர ஒன்பதரை ஆனது. 'லேட்டாகிறதே' என்று நான் மாத்திரையைப் போட்டுவிட்டேன். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ரிசல்ட் வந்தது: 19. அன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை. டாக்டர் போனில் கேட்ட முதல் கேள்வியே, "மாத்திரை எத்தனை மணிக்கு, ரத்தம் எத்தனை மணிக்கு?" அளவைக் குறைக்காமல், மறுநாள் மதுரையில் சரியான நேரத்துக்கு எடுக்கச் சொன்னார். 8.1. அவர் கேட்காமல் இருந்திருந்தால் தேவையில்லாமல் மருந்தைக் குறைத்து, நிராகரிப்பை நாங்களே அழைத்து வந்திருப்போம். அதோடு, லேபுக்கு லேப் செய்முறை வேறு. ஒரே ரத்தத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண் வரலாம். நேற்று ஒரு லேப், இன்று ஒரு லேப் என்று மாற்றினால் ஏறியது மருந்தா, லேபா என்றே தெரியாது.

மதுரை டாக்டரிடம் மாற்றுவதும் தெருமுனை டாக்டரிடம் காட்டுவதும் ஒன்றல்ல. இருமலுக்குக் கிளாரித்ரோமைசின் எழுதிக்கொடுத்தால் டேக்ரோ தாறுமாறாக ஏறும். காசநோய்க்கு ரிபாம்பிசின் தொடங்கினால் சரசரவென்று இறங்கும். மூட்டு வலிக்கு டைக்ளோபெனாக் போட்டால் சிறுநீரகத்துக்கே நேரடி அடி. எழுதுகிறவர் கெட்டவரில்லை, நம்மிடம் இருப்பது யாருடைய சிறுநீரகம் என்று அவருக்குத் தெரியாது. நான் எந்த டாக்டரிடம் போனாலும் உட்காருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கடையிலும் அப்படித்தான்: அதே மருந்து வேறு கம்பெனி என்று நீட்டினால் வாங்குவதில்லை. கம்பெனி மாறினால் லெவல் பார்த்தாக வேண்டும்.

ஊருக்குத் திரும்பினால் கூடவே வரும் இன்னொரு ஆபத்து, அன்பு. "கிட்னிக்கு நல்லது" என்று சிறுபீளைக் கஷாயமும் நெருஞ்சில் தண்ணீரும் வாசல் தேடி வரும். கல்லடைப்புக்கு அவை பேர் போனவை என்பது வேறு விஷயம். மாற்றுச் சிறுநீரகக்காரர் தொடக்கூடாது. பழத்தில் பம்பளிமாஸ் கூடாது, டேக்ரோவை ஏற்றிவிடும். ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில், பம்பளிமாஸ் இனத்துப் பழமான 'கிரேப் ஃப்ரூட்' கூடாது என்றிருந்ததைப் பார்த்து, அம்மா இரண்டு மாதம் எனக்குத் திராட்சையைக் கண்ணில் காட்டவில்லை!

அரசு மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு உண்டு. எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. வெளியே வாங்கினால் ஆரம்ப மாதங்களில் பல ஆயிரம். எனக்கு மாதம் 14,000 வரை ஆனது. அந்த மாத்திரைக்காக எப்படியும் அங்கே போகத்தான் வேண்டும் என்றால், ரிவ்யூவை வேறு ஊருக்கு மாற்றுவதில் பாதி லாபம் போய்விடும். மாற்றுவதற்கு முன் மாத்திரையை எங்கே வாங்குவது என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்வது

எந்த ஊரில் இருந்தாலும் இது மாறாது. காலையில் எடை, காய்ச்சல், பி.பி.; 24 மணி நேரத்தில் குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு. பி.பி. கருவி மேற்கையில் கட்டுவதாக இருக்கட்டும். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த ஃபிஸ்டுலா இருக்கும் கையில் கட்டக்கூடாது, அதில் ஊசியும் குத்த விடக்கூடாது. செல்போன் செயலியில் பதிவதா, நோட்டிலா என்று தம்பியோடு ஒரு சண்டை. நோட்டுதான் ஜெயித்தது. டாக்டர் ஓ.பி.யில் கொடுக்கும் ஐந்து நிமிடத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்க்க இரண்டு வினாடி போதும். போனைத் திறந்து, பாஸ்வேர்டு போட்டு, வரைபடத்தைத் தேடுவதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

காய்ச்சல் 100 டிகிரியைத் தாண்டினால், ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால், சிறுநீர் சட்டென்று குறைந்தால், மாற்றுச் சிறுநீரகம் வைத்த இடத்தில் வலித்தால், அடுத்த ரிவ்யூ வரை காத்திருக்காமல் போன் போட வேண்டும். வயிற்றுப்போக்கும் இந்தப் பட்டியலில் சேரும். மருந்து வெளியேறிவிடும் என்றுதான் நினைப்போம். டேக்ரோ விஷயத்தில் வயிற்றுப்போக்கில் அளவு ஏறும். இது எனக்கு ஆறாவது மாதம்தான் தெரிந்தது.

நான் என்ன செய்தேன், எதை மாற்றியிருப்பேன்

மூன்று மாதம் சென்னை. நாலாவது மாதத்திலிருந்து ஒன்று விட்டு ஒன்று: ஒரு ரிவ்யூ மதுரை, அடுத்தது சென்னை. மதுரை டாக்டர் ரிசல்ட்டை அன்றே சென்னைக்கு அனுப்பிவிடுவார். அளவை மாற்றுவது ஒருவர் மட்டும், சென்னை டாக்டர். இதை இருவரிடமும் முதலிலேயே பேசிவிட்டோம். இல்லாவிட்டால் ஒருவர் குறைக்க, மற்றவர் கூட்ட என்று ஆகும். வருடம் முடிந்தபின் வழக்கமான ரிவ்யூ மதுரை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சென்னை. இப்போது மூன்றாவது வருடம், கிரியாட்டினின் 1.3.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் என்றால், கடன் வாங்கியாவது முதல் மூன்று மாதம் பக்கத்தில் இருங்கள் என்பேன். அது முடியவே முடியாது என்றால் ஸ்டென்ட் எடுக்கும் வரையாவது. டயாலிசிஸ் செலவைக் கண்டவர்களுக்கு 34,000 வித்தியாசம் என்ன என்று தெரியும்.

ஒன்றை மட்டும் மாற்றியிருப்பேன். நாங்கள் போட்ட அத்தனை கணக்கும் எனக்காகப் போட்டது. சிறுநீரகம் கொடுத்தவளும் அறுவை முடிந்த ஆள்தான். நாலைந்து வாரம் குடம் தூக்கக்கூடாது, குனிந்து பெருக்கக்கூடாது. வாடகை வீட்டில் அம்மா இருந்தும், பத்தாம் நாளிலிருந்தே அவள் என் ஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கொடுத்தவருக்கும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பி.பி., கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். என் நோட்டில் அவளுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. ஏழாவது மாதம் மதுரை டாக்டர்தான் கேட்டார்: "டோனருக்குக் கடைசியா எப்போ பார்த்தீங்க?" நான் அவளைப் பார்த்தேன். அவள் பையில் ரசீதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே எடுத்தோம். கிரியாட்டினின் 0.9, பி.பி. 124/80. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தலைகீழாக அவள் பெயரை எழுதி, கீழே அந்த இரண்டு எண்ணையும் குறித்தேன்.